சிறிய இயந்திரத்தின் பெரிய வீரர்



தோட்டத்து வீடுகளில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது இன்று அரிதாகிவிட்டது. விடியுமுன் வெட்டுக்காட்டுக்குப் புறப்படுகிறவரை அதுதான் ஏற்றிச் செல்கிறது. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவதும் அதுதான். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தாயையும் பிள்ளையையும் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுதான். ஆனால் அந்த மோட்டார் சைக்கிளால் நம் வீடுகளில் கவலையும் உண்டாகிறது. தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் என்னிடம் பெற்றோர்கள் வந்து கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "வாத்தியாரையா, எங்கள் பையன் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. எந்நேரமும் மோட்டார் பட்டறையே கதி என்று கிடக்கிறான். இவன் உருப்படுவானா?"

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட முடியாது. ஆகவே, பட்டறையில் கையழுக்கோடு வாழ்க்கையைத் தொடங்கிய ஒரு மனிதரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் நம் நாட்டவர் அல்லர். ஐரோப்பாவின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் ஸ்பெயின் நாட்டவர். பெயர் ஆன்ஹெல் நியெட்டோ. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பதின்மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர். அவர் வென்ற பதின்மூன்றுமே சிறிய இயந்திரங்களில் வென்றவை என்பதுதான் இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

நியெட்டோ 1947-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் ஸ்பெயினின் ஸமோரா என்னும் ஊரில் பிறந்தார். அந்த நாடு 1936 முதல் 1939 வரை ஓர் உள்நாட்டுப் போரில் சிக்கிச் சீரழிந்திருந்தது. போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் வறுமை நீங்கவில்லை. கிராமத்து மக்கள் பிழைப்புத் தேடித் தலைநகர் மாட்ரிட்டுக்கு வந்து குடியேறினார்கள். அப்படி வந்தவர்கள் நெருக்கமாக வாழ்ந்த தொழிலாளர் பகுதிகளில் ஒன்று வல்யேக்காஸ். நியெட்டோவின் குடும்பமும் அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அங்கு வந்து சேர்ந்தது. அவர் வளர்ந்தது அந்தத் தெருக்களில்தான்.

அக்காலத்து ஸ்பெயினில் சாதாரணத் தொழிலாளி கார் வாங்குவது நடவாத காரியம். அவன் கைக்கு எட்டியது சைக்கிள். அடுத்தபடியாகச் சிறு எஞ்சின் வைத்த மோட்டார் சைக்கிள். ஆகவே அந்நாட்டில் சிறிய மோட்டார் சைக்கிள் செய்யும் தொழிற்சாலைகள் பல தோன்றின. அவற்றுள் ஒன்று தெர்பி. பார்சலோனா நகருக்கு அருகே மோல்யெட் என்னும் ஊரில் சிமியோன் ரபாசா என்பவர் 1922-ஆம் ஆண்டு தொடங்கிய சைக்கிள் பட்டறைதான் பின்னாளில் இந்தத் தொழிற்சாலையாக வளர்ந்தது. 'சைக்கிளிலிருந்து பிறந்தது' என்று பொருள்படும் சொற்றொடரைச் சுருக்கித்தான் 'தெர்பி' என்று பெயர் வைத்தார்கள். தங்கள் பிறப்பை மறைக்காமல் பெயரிலேயே எழுதி வைத்த தொழிற்சாலை அது!

சிறுவன் நியெட்டோ பதின்ம வயதிலேயே மாட்ரிட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். பந்தய வீரனாக வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் பந்தய வண்டிகள் செய்யப்பட்ட இடமோ பார்சலோனா. ஆகவே வீட்டைவிட்டு, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அந்நகரத்துக்குப் போனான். அங்கும் எடுத்த எடுப்பில் யாரும் அவனைப் பந்தய வண்டியில் ஏற்றிவிடவில்லை. தொழிற்சாலைகளில் வேலை செய்தான். எஞ்சினைக் கழற்றினான், மாட்டினான், துடைத்தான். வேலை தெரிந்த கையாக இருந்ததால்தான் வண்டி ஓட்டும் வாய்ப்பும் வந்தது. 1964-ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், பார்சலோனாவின் மோன்சூயிக் குன்றுச் சாலையில் நடைபெற்ற ஸ்பெயின் கிராண்ட் பிரீ பந்தயத்தில் தெர்பி வண்டியில் ஓடி ஐந்தாவதாக வந்தார்.

நேயர்களே, கதையைத் தொடருமுன் அவர் ஓட்டிய வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்களை எஞ்சின் அளவைக் கொண்டு வகுப்பு வகுப்பாகப் பிரித்து நடத்துகிறார்கள். நியெட்டோ காலத்தில் 50 சி.சி., 125, 250, 350, 500 என்று வகுப்புகள் இருந்தன. சி.சி. என்பது கன சென்டிமீட்டர். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற இடத்தின் கொள்ளளவை அது குறிக்கிறது. 50 சி.சி. என்றால் எவ்வளவு? சமையலறை மேசைக்கரண்டியால் மூன்று கரண்டித் தண்ணீர் எடுங்கள். இன்னும் ஒரு தேக்கரண்டி சேருங்கள். அவ்வளவுதான். அந்தச் சிறு இடத்துக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து வெடித்து, ஒரு மனிதனையும் ஒரு வண்டியையும் இழுத்துச் செல்ல வேண்டும்.

அந்நாளில் சாலையில் ஓடிய சாதாரண 50 சி.சி. மோட்டார் சைக்கிளின் வலிமை நான்கு அல்லது ஐந்து குதிரைத் திறன். அதே அளவுள்ள பந்தய எஞ்சினோ ஏறக்குறைய மூன்று மடங்கு வலிமை தந்தது. எப்படி? முதலாவதாக, அது இரு வீச்சு எஞ்சின். நாம் அன்றாடம் ஓட்டும் நான்கு வீச்சு எஞ்சினில் அச்சு இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு முறை எரிபொருள் வெடித்து வலிமை கிடைக்கும். இரு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கும். இரண்டாவதாக, அதை மிக வேகமாகச் சுழலவிட்டார்கள். நிமிடத்துக்குப் பதினாலாயிரம் சுற்றுகள் என்ற அளவில் அது சுழலும். மூன்றாவதாக, புகைக்குழாயின் வடிவத்தைக் கணக்கிட்டு அமைத்தார்கள். வெளியே போகும் புகையின் அலை திரும்பி வந்து, வீணாக வெளியேறப் பார்க்கும் புதிய எரிபொருளை மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே தள்ளிவிடும்படி அந்தக் குழாய் நடுவில் பருத்தும் முனையில் குறுகியும் இருக்கும்.

இந்த உபாயங்களுக்கு ஒரு விலையும் உண்டு. அந்த எஞ்சின் மிக உயர்ந்த வேகத்தில் சுழலும்போதுதான் வலிமை தரும். சுழற்சி சற்றுக் குறைந்தாலும் சோர்ந்துவிடும். மீண்டும் வேகம் பிடிக்க நேரமாகும். பெரிய எஞ்சின் வண்டியை ஓட்டுகிறவர் ஒரு வளைவில் தவறுதலாக அதிகம் பிரேக் பிடித்துவிட்டால், அடுத்த நேர்ச்சாலையில் முடுக்கிவிட்டு ஈடுகட்டலாம். 50 சி.சி. வண்டியில் அது இயலாது. இழந்த வேகம் இழந்ததுதான்.

இதை விளங்கிக்கொள்ள எஞ்சின் நூல் எதுவும் வேண்டாம். தோட்டத்து மண்சாலையில் சைக்கிள் மிதித்தவர்கள் அறிவார்கள். இறக்கத்தில் கிடைத்த வேகத்தைக் கெடுக்காமல் கொண்டுபோனால், அடுத்த ஏற்றத்தில் பாதி தூரம் மிதிக்காமலே ஏறிவிடலாம். இறக்கத்தில் அஞ்சி நிறுத்திவிட்டால், ஏற்றம் முழுவதையும் கால் வலிக்க மிதிக்க வேண்டும். சிறிய எஞ்சின் வண்டியின் பந்தயக் கலையும் இதுதான். எங்கே பிரேக் பிடிப்பது, எவ்வளவு பிடிப்பது, எவ்வளவு சாய்வது என்பதில் அளவு தவறக்கூடாது. பால்வெட்டும் கத்தியை எண்ணிப் பாருங்கள். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் இறங்காது. அந்த அளவு வாயால் சொல்லி வருவதன்று. கைக்குத்தான் அது தெரியும். நியெட்டோவுக்கு அந்தக் கை இருந்தது.

மற்றொரு கலையும் அவருக்குத் தெரியும். வேகமாக ஓடும் வண்டிக்குப் பெரிய எதிரி காற்று. முன்னால் ஒருவர் ஓடினால் காற்றை அவர் கிழித்துக்கொண்டு போவார். அவர் பின்னால் ஒட்டி ஓடுகிறவருக்கு எதிர்ப்புக் குறையும். நியெட்டோ போட்டியாளரின் முதுகுக்குப் பின்னால் பொறுமையாக ஓடிக்கொண்டிருப்பார். அவர் எந்த வளைவில் தயங்குகிறார் என்று பார்த்து மனத்தில் குறித்துக்கொள்வார். கடைசிச் சுற்றில், எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னால், பக்கத்தில் விலகி முந்திவிடுவார். முதலிலிருந்தே முன்னால் ஓடிக் கைதட்டு வாங்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இல்லை.

இனிக் கதைக்கு வருவோம். 1960-களில் சிறிய எஞ்சின் பந்தயங்களில் ஜப்பானியத் தொழிற்சாலைகளே கோலோச்சின. ஹோண்டா, சுசூக்கி, யமஹா ஆகியவை பெரும்பணம் செலவிட்டு வியக்கத்தக்க வண்டிகளைச் செய்தன. சுசூக்கியின் 50 சி.சி. பந்தய வண்டி ஒன்றில் இரண்டு சிலிண்டர்களும் பதினான்கு கியர்களும் இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! சிறிய ஐரோப்பியத் தொழிற்சாலைகளால் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால் 1967, 1968-ஆம் ஆண்டுகளின் முடிவில் அந்த ஜப்பானிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பந்தயத்திலிருந்து விலகின. செலவைக் கட்டுப்படுத்துவதற்காகப் புதிய விதியும் வந்தது. 1969 முதல் 50 சி.சி. வண்டிக்கு ஒரே சிலிண்டர். ஆறு கியருக்கு மேல் கூடாது.

கதவு திறந்தது. ஆனால் திறந்த கதவுக்குள் நுழைய ஆயத்தமாக இருந்தவர்களுக்குத்தான் அதனால் பயன். தெர்பி ஆயத்தமாக இருந்தது. நியெட்டோவும் ஐந்தாண்டு அனுபவத்தோடு காத்திருந்தார். அவ்வாண்டு கிழக்கு ஜெர்மனியின் சாக்சன்ரிங் தளத்தில் தம் முதல் கிராண்ட் பிரீ வெற்றியைப் பெற்றார். பட்டத்துக்கான போட்டியோ நெதர்லாந்து நாட்டு வீரர் ஆல்ட் டூர்சனோடு கடைசிப் பந்தயம் வரை நீண்டது. யூகோஸ்லாவியா என்று அன்று வழங்கிய நாட்டின் ஒப்பாத்தியா நகரில் நடந்த அந்தப் பந்தயம் முடிந்தபோது டூர்சனுக்கு 75 புள்ளிகள், நியெட்டோவுக்கு 76. ஒரே ஒரு புள்ளி! இருபத்திரண்டு வயதில் ஆன்ஹெல் நியெட்டோ உலகப் பட்டம் பெற்றார். சாலைப் பந்தயத்தில் இந்தப் பட்டம் பெற்ற முதல் ஸ்பானியர் அவரே.

அடுத்த ஆண்டு, 1970-இல், மீண்டும் 50 சி.சி. பட்டம். 1971-இல் நடந்ததோ வேறு. அந்த ஆண்டு 50, 125 ஆகிய இரு வகுப்புகளிலும் பட்டம் பெறும் நிலையில் இருந்தார். இரண்டும் மாட்ரிட்டுக்கு அருகில் உள்ள ஹராமா தளத்தில், சொந்த ஊரார் முன்னிலையில், ஒரே நாளில் தீர்மானமாக வேண்டும். 50 சி.சி. பந்தயத்தில் கீழே விழுந்தார். பட்டம் நெதர்லாந்தின் யான் டி விரீஸ் கைக்குப் போயிற்று. விழுந்த மனிதர் என்ன செய்தார்? எழுந்து போய், அதே நாளில் 125 சி.சி. வண்டியில் ஏறிப் பந்தயத்தை வென்றார். பின்னாளில் 500 சி.சி. வகுப்பில் உலகப் பட்டம் வென்ற இங்கிலாந்து வீரர் பேரி ஷீன்தான் அன்று அவரோடு பட்டத்துக்குப் போட்டியிட்டவர். ஒரே நாளில் ஒரு பட்டத்தை இழந்து மற்றொன்றைப் பெற்றார் நியெட்டோ.

1972-ஆம் ஆண்டுக் கதை இன்னும் வியப்பானது. 50 சி.சி. வகுப்பில் நியெட்டோவும் யான் டி விரீஸும் புள்ளிகளில் சமம். வென்ற பந்தயங்களின் எண்ணிக்கையிலும் சமம். இரண்டாம் இடங்களிலும் சமம். யாருக்குப் பட்டம் கொடுப்பது? இருவரும் பந்தயங்களில் எடுத்துக்கொண்ட நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். நியெட்டோவின் நேரம் 21 விநாடிக்குச் சற்றே அதிகமாகக் குறைவாக இருந்தது. ஆண்டு முழுவதும் பல நாடுகளில் ஓடிய ஓட்டத்தின் முடிவு 21 விநாடிகளில் அடங்கிவிட்டது! ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வளைவில், 'இங்கே கொஞ்சம் தளர்ந்தால் என்ன' என்று அவர் எண்ணியிருந்தால் அந்தப் பட்டம் இல்லை. அதே ஆண்டு 125 சி.சி. பட்டமும் அவருக்கே கிடைத்தது.

ஆனால் உச்சியில் நிற்கும்போதுதான் காலடி மண் சரிந்தது. 1972 முடிவில் தெர்பி தொழிற்சாலை உலகப் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்த நிலைமையை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி ஒரு நாள் முடிவெடுக்கிறார். வேலை செய்கிறவன் மறுநாள் வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது. 1973, 1974 ஆகிய இரண்டாண்டுகளிலும் நியெட்டோவுக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. அவர் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தாலும் தவறில்லை.

அவர் வேறு வண்டிகளைத் தேடிப் போனார். 1975-இல் ஜெர்மானிய வண்டியான கிரைட்லரில் 50 சி.சி. பட்டம். 1976, 1977-இல் ஸ்பெயினின் புல்தாக்கோ வண்டியில் அதே பட்டம். 1979-இலும் 1981-இலும் இத்தாலியின் மினாரெல்லி வண்டியில் 125 சி.சி. பட்டம். 1982, 1983, 1984 ஆகிய மூன்றாண்டுகளும் இத்தாலியின் மற்றொரு வண்டியான காரெல்லியில் 125 சி.சி. பட்டம். கூட்டிப் பாருங்கள்: 50 சி.சி.யில் ஆறு, 125 சி.சி.யில் ஏழு, மொத்தம் பதின்மூன்று. ஐந்து வெவ்வேறு தொழிற்சாலைகளின் வண்டிகளில் பெற்ற பட்டங்கள் இவை.

இது எப்படி முடிந்தது? ஒரு வண்டிக்குப் பழகிய கை மற்றொரு வண்டியில் தடுமாறும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் வெவ்வேறு குணம், ஒவ்வொரு சட்டத்துக்கும் வெவ்வேறு நடை. பட்டறையில் வளர்ந்தவருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. வண்டி சரியாக ஓடவில்லை என்றால், 'ஓடவில்லை' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறவர் அல்லர் அவர். எங்கே, எந்தச் சுழற்சியில், என்ன குறை என்று பொறியாளரிடம் அவர்கள் மொழியிலேயே சொல்லத் தெரிந்தவர். தொழிற்சாலை கைவிட்டுப் போகலாம். கையிலிருக்கும் தொழிலறிவு கைவிடாது.

பதின்மூன்றாம் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தேழு. அதைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. மேல்நாட்டார் பலருக்குப் பதின்மூன்று என்ற எண் ஆகாது. நியெட்டோவுக்கும் அந்த அச்சம் இருந்தது. ஆகவே 'பதின்மூன்று பட்டங்கள்' என்று அவர் சொல்வதே இல்லை. 'பன்னிரண்டும் ஒன்றும்' என்றுதான் சொல்வார். ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகளும் மக்களும் அவ்வாறே சொல்லப் பழகிவிட்டார்கள். மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு அஞ்சாதவர் ஓர் எண்ணுக்கு அஞ்சினார்!

1985-இல் மீண்டும் தெர்பி வண்டியில் ஏறி, புதிதாக வந்திருந்த 80 சி.சி. வகுப்பில் பிரான்சு நாட்டுப் பந்தயத்தை வென்றார். அது அவருடைய தொண்ணூறாவது கிராண்ட் பிரீ வெற்றி. கடைசி வெற்றியும் அதுவே. 1986-ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்றார்.

'பெரிய எஞ்சினில் வென்றால் அல்லவா வீரம்? சின்ன வண்டியில் வென்று என்ன பயன்?' என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இத்தாலியரான ஜாக்கோமோ அகோஸ்தினி 350, 500 சி.சி. வகுப்புகளில் பதினைந்து பட்டங்களும் 122 வெற்றிகளும் பெற்றவர். பந்தய உலகில் அவர் பெயரே முதலில் நிற்கிறது. பெரிய வண்டியை அடக்கி ஓட்டுவதற்கு வேறு வகை ஆற்றலும் துணிவும் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சிறிய வண்டி எளிது என்பது பொருந்தாது. பெரிய எஞ்சினுக்குச் செலவழிக்க வலிமை மிச்சம் இருக்கிறது. பிழையை அது மூடி மறைத்துவிடும். சிறிய எஞ்சினுக்கு வீணடிக்க ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பிழையும் கடிகாரத்தில் தெரிந்துவிடும்.

நியெட்டோ திறந்துவிட்ட பாதையில் ஸ்பெயின் நாட்டின் இளைஞர்கள் அணி அணியாக வந்தார்கள். ரிக்கார்டோ டோர்மோ, ஹோர்ஹே மார்ட்டினஸ் ஆகியோர் சிறிய வகுப்புகளில் பட்டம் வென்றார்கள். சீட்டோ போன்ஸ் 1988, 1989-இல் 250 சி.சி. வகுப்பில் வென்றார். 1999-இல் அலெக்ஸ் கிரிவில்யே பெரிய வகுப்பான 500 சி.சி. பட்டத்தையே முதன்முறையாக ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார். 2010-ஆம் ஆண்டு ஹோர்ஹே லொரென்சோ உலகப் பட்டத்தை உறுதி செய்துகொண்டது நம் நாட்டுச் சிப்பாங் பந்தயத் தளத்தில்தான். 2008-இல் பிரான்சின் லெ மான்ஸ் நகரில் இத்தாலிய வீரர் வலென்டினோ ரோசி தம் தொண்ணூறாவது வெற்றியைப் பெற்று நியெட்டோவின் கணக்கைச் சமன் செய்தார். அறுபத்தொரு வயது நியெட்டோ பொறாமைப்படவில்லை. களத்துக்குள் வந்து, ரோசியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வண்டியைத் தாமே ஓட்டி வலம் வந்தார். தென் ஸ்பெயினில் உள்ள ஹெரெஸ் பந்தயத் தளம் 2018 முதல் அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

அதைப் பார்க்க அவர் இல்லை. 2017-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், இபிசா தீவில், நான்கு சக்கர மோட்டார் வண்டி ஒன்றில் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த கார் மோதியது. தலையில் பலத்த காயம். ஆகஸ்ட் 3-ஆம் நாள் மருத்துவமனையில் காலமானார். வயது எழுபது.

இளைஞர்களே, இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேளுங்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் உலகப் பந்தயங்களில் ஓடியவர் அவர். விழுந்திருக்கிறார், எலும்பு முறிந்திருக்கிறார், பிழைத்து வந்தார். அவர் உயிரைக் கொண்டுபோனது பந்தயக் களம் அல்ல, சாதாரணச் சாலை.

பந்தயத் தளத்தில் எல்லா வண்டியும் ஒரே திசையில் ஓடும். எதிரே லாரி வராது. சந்திலிருந்து ஆடுமாடு குறுக்கிடாது. விழுந்தால் சறுக்கிப் போக இடம் விட்டிருப்பார்கள். கொடி காட்ட ஆள் நிற்கும், மருத்துவர் காத்திருப்பார். இந்த வசதிகளும் தாமாக வந்தவை அல்ல. நியெட்டோ முதற்பட்டம் பெற்ற ஒப்பாத்தியாவில் கடலோரச் சாலையையே பந்தயத் தளமாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. 1977-இல் அங்கு நடந்த உலகப் பந்தயத்தின்போது இரு வீரர்கள் மாண்டார்கள். அதன்பின் அங்கே உலகப் பந்தயம் நடத்தப்படவில்லை. உலகத்தின் தலைசிறந்த வீரர்களே 'சாலையில் பந்தயம் வேண்டாம்' என்று விலகிப் போனார்கள். அப்படியிருக்க, சனிக்கிழமை இரவு நெடுஞ்சாலையில் வண்டியின் மேல் படுத்துக்கொண்டு பறக்கும் நம் பிள்ளைகள் எந்த வீரத்தைக் காட்டுகிறார்கள்? அவர்களில் சிலர் திரும்பி வராத வீடுகளை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவதும், தலையில் வைத்துவிட்டு வாரை மாட்டாமல் விடுவதும் அணியாததற்குச் சமம். மோதிய கணத்தில் அது தலையை விட்டுத் தனியே போய்விடும்.

இனிப் பெற்றோர்களின் கேள்விக்கு வருகிறேன். பட்டறையே கதி என்று கிடக்கும் பையன் உருப்படுவானா? எஞ்சினைக் கழற்றி மாட்டுவதில் ஆர்வம் உள்ள பிள்ளையைக் 'கையாலாகாதவன்' என்று ஏசாதீர்கள். அதுவும் ஓர் அறிவு. நியெட்டோவின் பதின்மூன்று பட்டங்களுக்கும் வேர் மாட்ரிட்டில் ஒரு பட்டறையில்தான் இருக்கிறது. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் கற்ற காலத்து எஞ்சினுக்குக் கையும் காதும் போதுமாயிருந்தன. இன்றைய மோட்டார் சைக்கிளில் எரிபொருளை அளந்து விடுவதே மின்னணுக் கருவியாக இருக்கிறது. அதைச் சோதிக்கக் கணக்கு வேண்டும். கையேட்டைப் படிக்க மொழி வேண்டும். பட்டறை முதலாளி ஆக வேண்டுமானால் வரவு செலவு எழுதத் தெரிய வேண்டும். ஆகவே, பிள்ளையைப் பட்டறையிலிருந்து பிடித்து இழுக்காதீர்கள். பள்ளியிலிருந்து அவன் நழுவவும் விடாதீர்கள். பள்ளிப் படிப்பை முடித்தபின் தொழிற்கல்வி பெறுவதற்கும், திறன் சான்றிதழ் பெறுவதற்கும் நம் நாட்டில் வழி இருக்கிறது. அருகிலுள்ள பள்ளியில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.

நான் இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஓராண்டு தவறினால், பணம் செலவழித்து வேறு பள்ளியில் சேர்த்து, தனிப்பாடம் வைத்து, ஈடுகட்டிவிடுவார்கள். அவர்களுடையது பெரிய எஞ்சின். தோட்டத்துப் பிள்ளை மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டால் அந்த வேகம் மீண்டும் பிடிப்பது மிகக் கடினம். நம்முடையது சிறிய எஞ்சின். அதனால் நாம் தோற்கப் பிறந்தவர்கள் என்று பொருளாகாது. வளைவுகளில் வேகத்தை இழக்காமல் ஓட்ட வேண்டும் என்றுதான் பொருள். தேர்வு வருகிற ஆண்டில் பிள்ளையை வேலைக்கு நிறுத்திக்கொள்ளாமல் இருப்பது, மழை பெய்தது என்று பள்ளிக்கு மட்டம் போட விடாமல் இருப்பது, இரவில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி வைப்பது, இவை எல்லாம் சின்னச் சின்ன விநாடிகள்தாம். 1972-இல் நியெட்டோவுக்குப் பட்டம் தந்ததும் அப்படிப்பட்ட இருபத்தொரு விநாடிகள்தாம்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டுப் பிள்ளை வண்டியை எடுக்கும்போது, முதலில் தலைக்கவசத்தின் வாரை மாட்டச் சொல்லுங்கள். பிறகு, இந்த எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று அவனிடமே கேளுங்கள். அவன் தெரிந்து சொன்னால் மகிழுங்கள். தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வந்து மாலையில் சொல்லும்படி அனுப்புங்கள்.